தெருவில் திருட்டு கூடினால் யாரிடம் என்ன கேட்பது? காட்பாடியிலிருந்து ஒரு சங்கச் செயலாளரின் குறிப்பு

எங்கள் பகுதி வேலூர் மாநகராட்சியில் காட்பாடிப் பக்கம். கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். தெருவில் பாதி வீடுகளில் பேச்சு தெலுங்கு. தெருவுக்கு வந்தால் தமிழ். தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்ற என்னைக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு மனு எழுத வரும் என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

பைக் திருட்டு, செயின் பறிப்பு, பூட்டிய வீட்டில் கைவரிசை என்று அடுத்தடுத்து நடந்தால் எந்தத் தெருவிலும் கூட்டம் கூடும். கவுன்சிலரைப் பார்த்து, "ராத்திரி ரோந்து ஏன் வரலை?" என்று சத்தம் போடுவார்கள். இன்ஸ்பெக்டர் வந்தால், "தெருவிளக்கு எரியலை சார்" என்பார்கள். இருவரும் தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவரால் ஆகாததை இவரிடமும், இவரால் ஆகாததை அவரிடமும் கேட்டால் அவர்களுக்கு அதைவிட வசதி வேறென்ன?

காவல் துறை மாநில அரசின் கையில் இருக்கிறது. ரோந்துக்கு ஆள் அனுப்ப மேயருக்கோ கவுன்சிலருக்கோ அதிகாரம் கிடையாது. விளக்கு, காலிமனைப் புதர், உடைந்த சாலை, குப்பை எல்லாம் மாநகராட்சி வேலை. டாஸ்மாக் கடையை இடம் மாற்ற வேண்டுமானால் ஆட்சியரிடம் போக வேண்டும். ரயில் நிலையத்துக்குள்ளே என்றால் இருப்புப்பாதை போலீஸ். யாரிடம் எதைக் கேட்பது என்று பிரித்துக்கொண்டுவிட்டால் கூட்டத்தில் சத்தம் தானாகக் குறையும்.

முதலில் ஒரு நோட்டு

கடையில் கிடைக்கும் நீளமான கணக்கு நோட்டு போதும். நாள், நேரம், இடம், என்ன போனது, புகார் எண், பக்கத்தில் கேமரா இருக்கிறதா, பக்கத்து மின்கம்பத்தின் எண். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால்தான் மாநகராட்சி லைன்மேனுக்கு இடம் புரியும். "மூணாவது வீட்டுக்கு எதிரே" என்று எழுதினால் அவர் வந்து வேறு கம்பத்தைப் பார்த்துவிட்டு, "எரியுதே" என்று போய்விடுவார்.

எங்கள் நோட்டில் இருக்கும் ஒரு பதிவைச் சொல்கிறேன். காலை 5.40. பிள்ளையார் கோயில் முனை. கோலம் போட்டுக்கொண்டிருந்தவரிடம் முகவரி கேட்பதுபோல பைக்கை நிறுத்தினார்கள். பின்னால் இருந்தவன் இறங்கவே இல்லை, குனிந்து இழுத்தான். ஓட்டியவன் ஹெல்மெட், பின்னால் இருந்தவன் மங்கி குல்லா. நம்பர் பிளேட்டில் கடைசி இரண்டு எண் மேல் கறுப்பு டேப். பைக் மேம்பாலம் பக்கம் போனது. முனைக் கம்பத்தில் விளக்கு இல்லை. அவ்வளவுதான் எழுதியிருக்கிறோம். அழுதது, மயங்கியது எல்லாம் நோட்டுக்கு வேண்டாம். இப்படிச் சில பதிவுகள் சேர்ந்தபின் வரிசையாகப் பார்த்தால், எந்த நேரம், எந்த முனை, எந்தப் பக்கம் தப்பிக்கிறார்கள் என்பது தெரியும். ரோந்து கேட்கும்போது, "ராத்திரி முழுக்க வாங்க" என்பதற்கும், "காலை ஐந்திலிருந்து ஆறு வரை இந்த முனைக்கு வாங்க" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். இரண்டாவதை ஒரு எஸ்.ஐ.யால் செய்ய முடியும்.

நோட்டுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. குற்றம் நிஜமாகவே கூடியிருக்கிறதா, இல்லை வேறு ஊர் வீடியோவை வாட்ஸ்அப்பில் பார்த்துப் பயந்துவிட்டோமா என்பது அதில்தான் தெரியும். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுக்கணக்கை வெளியிடுகிறது. ஆனால் அது மாநிலக் கணக்கு, பெருநகரக் கணக்கு. உங்கள் தெருக் கணக்கை வேறு யாரும் எழுதப் போவதில்லை.

அப்புறம், நகையைப் பறிகொடுத்தவரிடம், "இவ்வளவு பெரிய செயினைப் போட்டுக்கிட்டு யாராவது வாசலுக்கு வருவாங்களா?" என்று கேட்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டா வாசல் தெளிக்க வேண்டும்? இப்படிக் கேட்டால் அடுத்து பறிகொடுப்பவர் வெளியே சொல்லவே மாட்டார். நோட்டில் அந்த வரி விழாது, போலீசிலும் விழாது. எங்கள் கூட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தடை.

பொருள் போன உடனே செய்ய வேண்டியது

முதலில் அவசர உதவி எண் 112. இது எல்லைப் பகுதி. பைக் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் அடுத்த மாநிலம். காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் சோதனைச்சாவடியில் நிற்பவருக்குத் தகவலே போயிருக்காது. எந்தப் பக்கம் போனார்கள், வண்டியின் நிறம், பாதி நம்பர் தெரிந்தாலும் சரி, அதைச் சொல்லுங்கள். தமிழ்நாடு போலீசின் 'காவல் உதவி' செயலி 2022-இல் வந்தது. வீட்டுப் பெண்களின் போனில் அது இருக்கட்டும்.

வண்டி என்றால் நம்பர் மட்டும் போதாது. நம்பர் பிளேட்டை மாற்றுவது ஒரு வேலையா? என்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டும் புகாரில் இருக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தைப் போனில் படம் எடுத்து இன்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே சொல்லுங்கள். அவர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்கள். கடைசியில் வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் சான்றையும் கேட்பார்கள்.

செல்போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். *#06# அழுத்தினால் திரையில் வரும். போன் கையில் இருக்கும்போதே எழுதி வையுங்கள். புகார் நகலை வைத்து மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போனை முடக்கலாம். பணம் ஆன்லைனில் போனதென்றால் சைபர் குற்ற உதவி எண் 1930. அதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

ஸ்டேஷனில்

இங்கேதான் நிறையப் பேர் களைத்துப்போகிறார்கள். எங்கள் தெருத் தம்பி ஒருவரின் பைக் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து போனது. ஒரு நிலையத்தில், "இது எங்க லிமிட் இல்ல" என்றார்கள். அடுத்த நிலையத்திலும் அதே பதில். நடுவில் பாவம், அவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டார்.

இந்த அலைச்சலுக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் குற்ற விசாரணை முறைக்குப் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதன் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்பார்கள். பதிவு செய்து சம்பந்தப்பட்ட நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. சித்தூர் பஸ்ஸில் பை பறிபோய், அது தெரிவதற்குள் காட்பாடி வந்துவிட்டால் இங்கேயே கொடுக்கலாம். ஆந்திராவில் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். தெலுங்கில் இருக்கலாம். எழுதியதைப் புகார்தாரருக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது, அதனால் கையெழுத்துப் போடும் முன் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தெலுங்கு படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். பதிவான எஃப்.ஐ.ஆர்.களைத் தமிழ்நாடு போலீசின் இணையப் பக்கத்திலும் எடுக்கலாம். பாலியல் குற்றம் போன்றவை மட்டும் அதில் வராது.

நம் ஊரில் நடப்பது என்ன? புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அது மனுவைப் பெற்றதற்கான சீட்டு மட்டும். வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மூன்றிலிருந்து ஏழு ஆண்டுக்குள் தண்டனை வரும் குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று புதுச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அந்தக் காரணம் சொன்னால், "டி.எஸ்.பி. அனுமதி ஆயிடுச்சுங்களா ஐயா? பதினாலாம் நாள் வரட்டுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சத்தமாகக் கேட்பதைவிடத் தேதி சொல்லிக் கேட்பது வேலை செய்யும்.

மறுத்தே விட்டால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்; அதையும் 173-ஆம் பிரிவே சொல்கிறது. அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். தபால் என்றால் எனக்கு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லத் தோன்றும். பதிவுத் தபாலை இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுன்டரில், பட்டுவாடா ஆனதற்கு அத்தாட்சி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டு அதற்குரிய கட்டணத்தைக் கட்டுங்கள். ரசீதை வெயிலில் வைத்தால் எழுத்து மறைந்துபோகும், அன்றே ஜெராக்ஸ் எடுத்து நோட்டில் ஒட்டுங்கள்.

கூட்டத்தை நடத்துவது

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகவிடாதீர்கள். சீரியல் நேரத்தில் வைத்தால் பெண்கள் வரமாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள், ஆண்கள்தான் கிரிக்கெட் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

எங்கள் மாவட்டத்தில் ராணுவத்தில் இருந்து திரும்பியவர் இல்லாத தெரு குறைவு. எங்கள் தெரு ராணுவக்காரர் ஒவ்வொரு கூட்டத்திலும், "எல்லாரையும் குண்டாஸ்ல தூக்கிப் போடணும்" என்பார். அந்தக் குண்டர் தடுப்புச் சட்டம் 1982-இல் வந்தது. விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை அடைத்து வைக்கும் சட்டம். மாவட்டத்தில் அதற்கு உத்தரவு போடுவது ஆட்சியர், போலீஸ் பரிந்துரைத்த பிறகு. கூட்டத்தில் தீர்மானம் போட்டு வாங்கும் சரக்கு இல்லை அது. எதிர்வீட்டு ஆசிரியை, "பிடிச்சவனுக்கே வழக்கு ஒழுங்கா நடக்கலை, பிடிபடாதவனுக்குக் குண்டாஸா?" என்று கேட்டார். ராணுவக்காரர் சிரித்துவிட்டார். ஆனாலும் அடுத்த கூட்டத்திலும் அதையேதான் சொன்னார்.

இளைஞர்கள், கையில் தடியோடு ராத்திரி சுற்றுகிறோம் என்பார்கள். போலீசோடு சேர்ந்து அப்படிச் சுற்றிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பையே போலீஸ் காவலில் தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பின் 2020 ஜூலையில் மாநில அரசு தடை செய்தது. விசில் ஊதும் கூர்க்காவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டுக் கொடுப்பது வேறு. அதைச் செய்யலாம். தெரு முனையில் கேட் போட்டுப் பூட்டுவது வேண்டாம். அது பொதுச்சாலை, மாநகராட்சி அனுமதி இல்லாமல் அடைக்க முடியாது. ராத்திரி ஆம்புலன்ஸ் வந்தால் சாவிக்கு யாரை எழுப்புவது?

பிறகு அந்தப் பேச்சு வரும். "எல்லாம் அந்தப் பக்கத்து ஆளுங்க வேலை." சித்தூரில் போய்க் கேட்டால் அங்கே நம்மைக் கை காட்டுவார்கள். வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுப் பையன்கள் பெயரும் அடிபடும். நோட்டில் எழுதாத எதையும் கூட்டத்தில் பேச வேண்டாம் என்று நான் நிறுத்திவிடுவேன். 2018 மே மாதம், குழந்தை கடத்துகிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தி நம் வட மாவட்டங்கள் முழுக்கச் சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக ஊரே கூடி அடித்தது. வயதான அம்மா ஒருவர் இறந்தே போனார். அடித்தவர்களும் நம்மைப்போல் தெருவுக்குக் காவல் காக்கிறோம் என்று நினைத்தவர்கள்தான். சந்தேகம் வந்தால் 112. ஆளை மடக்குவது, கட்டிப்போடுவது, போட்டோ எடுத்துக் குழுவில் போடுவது மூன்றும் வேண்டாம்.

கஞ்சா பற்றித் தகவல் இருந்தால் பெயரை ஊகிக்காமல் இடத்தையும் நேரத்தையும் மட்டும் சொல்லுங்கள். காட்பாடி ஜங்ஷனில் ரயிலில் கஞ்சா பிடிபட்ட செய்தியை அடிக்கடி படிக்கிறோம். மதுவிலக்குப் பிரிவின் எண் 10581.

கூட்டம் முடியும்போது மாநகராட்சி, போலீஸ், ஆட்சியர், இருப்புப்பாதை போலீஸ் என்று நாலு தாளில் நாலு மனு. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் வரக்கூடாது.

மனு

மாநகராட்சிக்கு நாங்கள் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பெறுநர்: உதவி ஆணையர், காட்பாடி மண்டலம், வேலூர் மாநகராட்சி. பொருள்: எரியாத தெருவிளக்குகளையும் காலிமனைப் புதரையும் சரிசெய்யக் கோருதல். ஐயா, எங்கள் தெருவில் கம்ப எண் ….., ….. ஆகியவற்றில் ….. தேதி முதல் விளக்கு எரியவில்லை. இவ்விரு கம்பங்களுக்கும் இடையே ….. அன்று காலை நடந்த நகை பறிப்பு தொடர்பாக வழக்கு எண் ….. பதிவாகியுள்ளது. கதவு எண் ….. அருகிலுள்ள காலிமனையில் ஆள் உயரப் புதர் உள்ளது. மனை உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பி அகற்றக் கோருகிறோம். பணி எந்தத் தேதிக்குள் முடியும் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்."

வழக்கு எண்ணைக் கண்டதும் அந்தத் தாள் சாதாரண விளக்குப் புகாராக இருக்காது. பிறகு ஏதாவது நடந்தால், தெரிந்தும் விட்டுவிட்டார்கள் என்று ஆகிவிடும் என்பது அதிகாரிக்குத் தெரியும். 'சமூக விரோதிகள் நடமாட்டம்' போன்ற வார்த்தைகளை எழுதாதீர்கள். அதைப் படித்தவுடன், "காவல் துறையை அணுகவும்" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிடுவார்கள். இரண்டு நகல் எடுத்துப்போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

போலீசுக்கான மனுவில் நேரம், முனை, தப்பிய திசை, வெளியூர் போகும் வீடுகளின் பட்டியல். பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பூட்டிய வீட்டின் விவரத்தை நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆந்திராவில் இதற்கென்றே பூட்டிய வீட்டைக் கேமரா வைத்துக் கண்காணிக்கும் ஏற்பாட்டை அவர்கள் போலீஸ் வைத்திருக்கிறது. சித்தூரில் சம்பந்தி வீடு உள்ளவர்கள் கூட்டத்தில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்கள்.

பகுதி சபையை விட்டுவிடாதீர்கள். வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி பம்மலில் முதலமைச்சரே ஒன்றில் கலந்துகொண்டார். கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்கு இது. ஆனால் நிறையப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதில் பேசிவிட்டு வந்தால் பயனில்லை. கம்ப எண்ணோடு தீர்மானமாக நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள்.

கேமரா

எல்லோருக்கும் பிடித்த தீர்மானம் இது. வாங்குவதற்கு வசூல் சுலபம், பிறகு கரன்ட் பில்லும் ரிப்பேரும் யார் தலையில் என்பதில்தான் சண்டை. அதை முதலில் பேசி எழுதிக்கொள்ளுங்கள். அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தருகிறது. உங்கள் கேமராவோ விளக்கோ அதில் வருமா என்று மண்டல அலுவலகத்தில் கேளுங்கள்.

மாடி உயரத்தில் மாட்டினால் தலைமுடிதான் பதியும். முகம் வேண்டுமானால் கீழே இறக்க வேண்டும். ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் வெள்ளைக் கட்டியாகத் தெரியும், ஆகவே ஒரு கேமரா வண்டி போன பிறகு பின்பக்கத்தைப் பார்க்கும்படி இருக்கட்டும். அடுத்த வீட்டுக் குளியலறை ஜன்னலை எந்தக் கேமராவும் பார்க்கக் கூடாது. எங்கள் தெருவில் பெரிய சண்டையே அதில்தான் வந்தது, திருடனால் வந்ததில்லை.

கேமரா படம் பதிவாகும் டி.வி.ஆர். பெட்டியில் இருக்கும் கடிகாரத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். அது பத்து நிமிடம் முன்னே ஓடினால் சோதனைச்சாவடிக் கேமராவோடு ஒத்துப்பார்க்கும்போது வேறு பைக்கைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பழைய பதிவு சில வாரத்தில் தானாக அழிந்துவிடும். சம்பவம் நடந்த அன்றே பதிவை எடுத்துவிடுங்கள். போனில் திரையைப் படம் பிடித்து அனுப்பியது நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுக்குச் சான்று தர வேண்டும், பதிவு எந்தப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டது என்று அதில் எழுத வேண்டும். அதனால் யார் எடுத்தார், எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதும் நோட்டில் ஏறட்டும்.

அதற்குப் பிறகு

புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குப் போலீஸ் தெரிவிக்க வேண்டும். அந்தத் தேதியை நோட்டில் குறித்து, வராவிட்டால் எஸ்.பி. அலுவலகத்தில் புதன்கிழமை நடக்கும் மனு விசாரணைக்கு எஃப்.ஐ.ஆர். நகலோடு போங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை. விளக்குக்கு 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணிலும் சொல்லி வைக்கலாம். மனு கொடுத்தும் பதிலே இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, "எங்கள் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு யாரிடம் உள்ளது?" என்று கேளுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். பல சமயம் பதில் வருவதற்கு முன்னாலேயே லைன்மேன் ஏணியோடு வந்துவிடுவார்.

நோட்டை ஒருவர் வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். மாதக் கடைசியில் பக்கங்களைப் படம் எடுத்துத் தலைவர், பொருளாளர் போனிலும் போட்டுவிடுங்கள். சங்கத் தேர்தலில் ஆள் மாறும்போது கோபித்துக்கொண்டு நோட்டோடு போனவர்களும் இருக்கிறார்கள்.